நான் கழுவி வைத்த ஃபில்டர்

தம்பி,

இதைத் தமிழில் எழுதுகிறேன். நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாசலில், காரை விட்டு இறங்கமாட்டேன் என்று சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நீ இருந்தது எனக்கு மறக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் உனக்கு இரண்டு நிமிடத்தில் வாசித்து முடிந்துவிடும். எனக்கும் ஸொறி என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். அப்படி முடியக்கூடாது என்றுதான் தமிழில் எழுதுகிறேன். முதலில் வாயால் சொல்லத்தான் நினைத்திருந்தேன். அம்மாதான் மறித்தார். "எழுதுங்கோ. வாயால சொல்லப் போனா சுத்தி வளைச்சு, கடைசியில என்ர தலையிலதான் கொண்டுவந்து கட்டுவியள்" என்றார். முப்பத்துநான்கு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவர், அவருக்குத் தெரியாததா. ஆகவே மெல்ல வாசி. விளங்காத சொல் வந்தால் தாண்டிப் போ. என்னைப் பொறுத்தவரை சொற்கள் எல்லாம் விளங்குகின்றன, நடந்ததுதான் விளங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ வந்து, சாப்பாட்டு மேசையில் உன் கலியாணத்துக்குச் சொல்லவேண்டியவர்களின் பட்டியலை விரித்தாய். உன் கூட்டாளிகளின் பெயர்களை நீ வாசித்துக்கொண்டு போனபோது ஜூட்டின் பெயர் வரவில்லை. பேச்சுவாக்கில் கேட்பதுபோல, ஜூட்டுக்குச் சொல்லவில்லையா என்று கேட்டேன். நீ தலை நிமிராமல், "என்ர முகத்தைப் பாத்துப் பொய் சொன்னவனை நான் கலியாணத்துக்குக் கூப்பிடமாட்டன்" என்றாய். அதோடு விட்டிருந்தால் நான் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் நீ சிரித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னாய். வரவேற்பில் மைக் பிடித்துப் பேசும்போது, கூட்டாளி கைவிட்ட நேரத்தில் ஐம்பத்தைந்து வயது அப்பா பந்தயக் கார் ஃபில்டருக்கு எண்ணெய் போடப் பழகிய கதையைத்தான் சொல்லப்போகிறாயாம். அதைக் கேட்டு, நீ கட்டப்போகிற துவாரகா அழுதுவிட்டாளாம். நீ போனபிறகு பார்த்தால் என் கோப்பையில் போட்ட சோறு போட்டபடியே இருந்தது. முந்நூறு பேருக்கு முன்னால் நீ அந்தக் கதையைச் சொல்ல, நான் பட்டு வேட்டியோடு முன்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது.

நடந்ததை முதலிலிருந்தே சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து. உனக்கு எது தெரியும், எது தெரியாது என்பதே எனக்கு இப்போது குழம்பிக் கிடக்கிறது. நீயும் ஜூட்டும் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கல்லூரிக்குப் போன இரண்டாவது வருடம் அது. லாசாலில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒன்றாகத் தொடங்கியவர்கள், நாங்கள் சென்ட் லோரன்ட்டுக்கு வீடு மாறிய பிறகும் பிரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பந்தயக் காரை வாங்கினீர்கள். பார்த்தால் விளையாட்டுச் சாமான், என் முழங்கை நீளம்தான் இருக்கும். ஆனால் உள்ளே உண்மையான எஞ்சின், உண்மையான எரிபொருள், புகை, காதைப் பிளக்கும் சத்தம். புது எஞ்சினை நீங்கள் இரண்டு பேரும் பழக்கியது எனக்கு இன்றைக்கும் வியப்பு. கொஞ்ச நேரம் மெல்ல ஓடவிடுவது, நிறுத்துவது, பிஸ்டன் கீழே நிற்கும்படி வைத்து ஆறவிடுவது, திரும்ப ஓடவிடுவது. மூன்று வார இறுதிகள் கராஜில் இதே வேலை. பச்சைப் பிள்ளைக்குப் பால் பருக்குவதுபோல இருந்தது. ஜூட்டின் அப்பார்ட்மென்டில் இடம் இல்லாததால் கார் எங்கள் வீட்டில் நின்றது. ரிமோட்டால் ஓட்டுவது உன் வேலை. எஞ்சினுக்குள் போகிற காற்றை வடிக்கிற ஃபில்டர் ஜூட்டின் வேலை. அதை நீ தொடவே மாட்டாய், அவனும் தொடவிட மாட்டான்.

நான் அப்போது அந்த மருந்துத் தொழிற்சாலையில் துப்புரவுப் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே எனக்குப் பத்தொன்பது வருடம் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்றுதான்: தூசும் ஆகாது, எண்ணெயும் ஆகாது. மருந்து செய்யும் அறைக்குள் போகுமுன் கையுறை, தலையுறை, காலுறை எல்லாம் மாற்றவேண்டும். மேசையில் விரல் அடையாளம் இருந்தால் மேற்பார்வை பார்க்கிற பெண் பிரெஞ்சில் ஒரு பெருமூச்சு விடுவாள், அதற்கே எனக்கு உடம்பு கூசும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. உனக்குத் தெரியும், கதவுப் பிடியைத் துடைத்துவிட்டுத்தான் நான் கதவைத் திறப்பேன் என்று நீயும் அம்மாவும் பகிடி பண்ணுவீர்கள். கண்டதையெல்லாம் கழுவுகிற கை இது.

இந்தக் கையால் நான் செய்த முதல் நாசம் ஃபில்டர் அல்ல. அம்மா இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம், ஊரிலிருந்து பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்த தோசைக்கல்லை, கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறதே என்று ஒரு நாள் இரும்புக் கம்பியால் தேய்த்துச் சோப்புப் போட்டு வெள்ளையாக்கி வைத்தேன். அவர் வேலையால் வந்ததும் பாராட்டுவார் என்று பக்கத்தில் நின்றேன். ஒரு மாதத்துக்கு அந்தக் கல்லில் ஒரு தோசை முழுதாக எழும்பவில்லை. இரண்டு நாள் அவர் என்னோடு கதைக்கவுமில்லை. அந்தப் பிசுக்குத்தான் கல்லின் உயிர் என்று பிறகு சொல்லி அழுதார். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஏன் வரவில்லை என்று நீ கேட்டால், தோசைக்கல்லைப் பற்றி மட்டும்தான் புத்தி வந்தது என்று சொல்லலாம். மனிதன் இப்படித்தான் துண்டு துண்டாகப் படிக்கிறானா, அல்லது நான் மட்டும்தானா என்று தெரியவில்லை.

ஆயுத பூசை வந்த வெள்ளிக்கிழமை காலை நீ வகுப்புக்குப் போய்விட்டாய். அம்மா தையல் மெஷினை சாமி படத்துக்கு முன்னால் நகர்த்தி வைத்தார். நான் என் ஸ்க்ரூ டிரைவர்களையும் குறடுகளையும் துடைத்து வைத்தேன். உன் புத்தகங்கள் வந்தன. பிறகு அம்மா, "அந்தக் காரையும் வைப்பம், பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை பெரிய போட்டி. ஊத்தையைத் துடைச்சுப்போட்டுக் கொண்டுவாங்கோ" என்றார். துடைக்கத்தான் சொன்னார், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். நான் துடைத்தேன். சில்லு, உடல், வால் எல்லாம் மினுங்கின. கடைசியாக எஞ்சினுக்கு மேலே கிண்ணம்போல ஒரு மூடி, அதற்குள் ஸ்பொஞ்சு. தொட்டால் விரலில் நீலமாகப் பிசுபிசுவென்று ஒட்டியது. சாமிக்கு முன்னால் வைக்கிற சாமானில் இவ்வளவு அழுக்கா என்று எனக்குப் பொறுக்கவில்லை. அடியில் நாடாபோலச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கட்டை வெட்டி, ஸ்பொஞ்சைக் கழற்றி, பாத்திரம் கழுவுகிற சோப்பில் மூன்று தண்ணீர் கழுவினேன். நீலம் முழுவதும் போய்ச் சாம்பல் நிறம் வந்தபோது எனக்கு ஒரு சந்தோசம். பால்கனிக் கொடியில் கிளிப் போட்டு வெயிலில் காயவைத்து, திரும்பப் பூட்டி, என் பெட்டியில் இருந்து அதேமாதிரி ஒரு பிளாஸ்டிக் கட்டு எடுத்து இறுக்கி விட்டேன். சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பின்னேரம் நீ வந்து பார்த்து, "வாவ், கிளீனா இருக்கு" என்றாய். ஃபில்டரைக் கழற்றியதைச் சொல்லவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கழுவினது தெரிகிறதுதானே என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, பனி விழுமுன் அந்த வருடத்தின் கடைசிப் போட்டி. முதல் தடவையாக நீங்கள் இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தீர்கள். மண் பாதை, காற்று, புழுதி. இறுதிச் சுற்றின் நடுவில் கார் மூச்சிழுத்து நின்றது என்றும், அதன் பிறகு அந்த எஞ்சின் எழும்பவே இல்லை என்றும் சொன்னாய். ஃபில்டரைத் திறந்தால் ஸ்பொஞ்சு துளி எண்ணெய் இல்லாமல் காய்ந்து கிடந்ததாம், எஞ்சினின் வாய்க்குள் மாப்போலப் புழுதியாம். நீ ஜூட்டைக் கேட்டாய். அவன், நான் புதன்கிழமை எண்ணெய் போட்டுத்தானே பூட்டினேன் என்றான். நீ பொய் என்றாய். அவன் உன்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் சாமான்களைப் போட்டுவிட்டு வேறு யாருடைய காரிலோ ஏறிப் போய்விட்டான். இதையெல்லாம் நீ எங்கள் குசினியில், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இருந்து சொன்னாய். "எண்ணெய் இல்லாட்டி அந்த ஸ்பொஞ்சு தூசியைப் பிடிக்காது அப்பா. அந்த எண்ணெய்தான் ஃபில்டரே" என்றாய். அந்த நிமிடத்தில்தான் எனக்கு அது தெரியவந்தது.

அப்போது நான் ஏன் சொல்லவில்லை? பதினொரு வருடமாக இதற்கு நான் எத்தனையோ பதில் செய்து பார்த்துவிட்டேன். பயம் என்று சொல்லலாம். ஆனால் உனக்கு நான் பயந்ததில்லை, உன் கோபம் ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம்தான். வெட்கம் என்று சொல்லலாம். தோசைக்கல்லுக்கு வெட்கப்படாதவன் இதற்கு ஏன் வெட்கப்படப்போகிறேன். ஒருவேளை எண்ணெய் இருந்திருந்தாலும் எஞ்சின் போயிருக்கும் என்றுகூடக் கொஞ்சக் காலம் நினைத்துப் பார்த்தேன், அதுவும் ஒட்டவில்லை. உண்மை இதுதான் என்று இப்போது நினைக்கிறேன், இதுவும் முழு உண்மையா என்று சத்தியம் பண்ணமாட்டேன். கல்லூரிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து நீ என்னோடு கதைத்ததெல்லாம் "ஓம்", "இல்லை", "பிறகு" என்ற மூன்று சொல்தான். மீதியெல்லாம் ஜூட்டோடு, பிரெஞ்சில். அன்றைக்கு நீ ஒரு மணித்தியாலம் என்னோடு தமிழில் கதைத்தாய். அழுதாய். நான் தோளில் கை வைத்தேன், நீ தட்டிவிடவில்லை. நான் வாய் திறந்திருந்தால் அது அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். நீ இன்னும் கொஞ்சம் கதைக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தேன். நாளைக்கு நீ இன்னும் கொஞ்சம் கதைத்தாய்.

அடுத்த கோடையில் புது எஞ்சின் போட்டாய். ஃபில்டருக்கு ஆள் இல்லை. "அப்பா, நீங்கள் வாறியளோ" என்று கேட்டாய். நான் வந்தேன். எனக்கு நீ ஆசிரியராக நின்று எல்லாம் சொல்லித் தந்தாய். முதலில் வெளித்தூசியைத் தூரிகையால் தட்டவேண்டும், தட்டாமல் கழற்றினால் அதுவே உள்ளே விழும். கழற்றியவுடன் எஞ்சினின் வாயைச் சுத்தமான துணியால் அடைக்கவேண்டும். ஸ்பொஞ்சை இளஞ்சூட்டுத் தண்ணீரில் சோப்புப் போட்டு அமத்திக் கழுவவேண்டும், முறுக்கிப் பிழியக்கூடாது, முறுக்கினால் கிழியும். நிழலில் ஒரு முழுநாள் காயவேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் பிடிக்காது. பிறகு பிளாஸ்டிக் பைக்குள் ஸ்பொஞ்சைப் போட்டு, அளவான எண்ணெய் விட்டு, அம்மா கோழிக்குத் தூள் பிரட்டுவதுபோல, எல்லாப் பக்கமும் ஒரே நீலம் ஆகும்வரை பிசையவேண்டும். கூடினால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். குறைந்தால் என்னவாகும் என்று நீ சொல்லத் தேவையிருக்கவில்லை. ஒரு இரவு அப்படியே விட்டு, ரப்பர்க் கழுத்தைச் சுற்றி மெல்லியதாகக் கிரீஸ் பூசி, பூட்டி, கட்டிப்போட்டு, இழுத்துப் பார்க்கவேண்டும். நான் இழுத்துப் பார்ப்பேன், நீ வந்து ஒருமுறை இழுத்துப் பார்ப்பாய், நான் திரும்ப இழுத்துப் பார்ப்பேன். நீ சிரிப்பாய். ஒரு தடவை பக்கத்து மேசைக்காரன் ஒருவனுக்கு என்னைக் காட்டி, என் அப்பாவைப்போல ஒருவரும் ஃபில்டர் செய்யமாட்டார்கள் என்று பிரெஞ்சில் சொன்னாய். எனக்கு அந்த அளவு பிரெஞ்சு விளங்கும்.

இரண்டு கோடைகள், தம்பி. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை. உட்கார மடக்குக் கதிரை, அம்மா கட்டித் தந்த ரொட்டியும் சம்பலும், உன் பக்கத்தில் நான். இதுதான் எனக்கு இன்றைக்கும் பிடிபடாத இடம். அந்தக் கதிரை ஜூட்டுடையது. நான்தான் அவனை எழுப்பிவிட்டு அதில் போய் இருந்தேன். அப்படியென்றால் அந்தச் சந்தோசம் களவெடுத்ததா? களவெடுத்தது என்றால் அது ஏன் அவ்வளவு நல்லாக இருந்தது? அந்த இரண்டு கோடைகளையும் திருப்பித் தரமுடியுமானால் தந்துவிடுவாயா என்று என்னை நானே கேட்டால், தருவேன் என்று சட்டென்று சொல்ல வாய் வரவில்லை. இதையும் நீ தெரிந்துகொள்ளவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் ஜூட்டின் அப்பா இறந்து போனார். உனக்குத் தகவல் வந்தது, நீ போகவில்லை. நானும் அம்மாவும் லாசால் தேவாலயத்துக்குப் போனோம். ஜூட் வாசலில் கறுப்புக் கோட்டோடு நின்று, வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தான். என் கையைப் பிடித்தபடியே எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "அவன் வரேல்லையோ, அங்கிள்" என்று கேட்டான். வேலை, லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். நீ அன்றைக்கு வீட்டில்தான் இருந்தாய். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று வேண்டியிருக்கும் என்று ஆட்கள் சொல்லுவார்கள். எனக்கு அந்தளவு யோசனைகூட வரவில்லை, அது தானாக வாயில் வந்தது.

நேற்று முன்தினம் கலியாணக் கார்ட் ஒன்றை எடுத்துக்கொண்டு லாசாலுக்குப் போனேன். மெட்ரோவில் கடைசி ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து பஸ். வழி முழுக்க என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன், பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் என் உதடு அசைவதைப் பார்த்து எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். ஜூட் அதே அப்பார்ட்மென்டில்தான் தாயோடு இருக்கிறான். இப்போது தாடி வைத்திருக்கிறான், வீடுகளுக்கு ஹீட்டிங் திருத்துகிற வேலை. கதவைத் திறந்ததும் அவன் கேட்டது, "ஆன்ரி வரேல்லையோ" என்றுதான். கார்ட் கொடுக்க வருகிறவர்கள் புருசனும் பெண்சாதியுமாகத்தான் வருவார்கள் என்று இங்கே பிறந்த பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது. நான் தனியாக வந்து நின்றதிலேயே அவனுக்கு ஏதோ பொறிதட்டியிருக்கவேண்டும். என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தி, தாய் தேவாலயத்துக்குப் போயிருப்பதாகச் சொல்லி, கோப்பி போட்டுத் தந்தான். நான் கோப்பியைத் தொடாமல், ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு, "தம்பி, அந்த ஃபில்டரைக் கழுவினது நான்" என்றேன்.

அவன் கோபப்படுவான் என்று நினைத்திருந்தேன். அவன் நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டான். "அந்த வெள்ளைக் கட்டுப் போட்டது நீங்களோ?" எனக்கு நிறம் நினைவில்லை, என் பெட்டியில் இருந்ததைப் போட்டேன் என்றேன். அவன் சொன்னான், தான் எப்போதும் பச்சைக் கட்டுத்தான் போடுவானாம். அன்றைக்கு மைதானத்தில் கார் நின்றதும் அவன்தான் முதலில் எடுத்துப் பார்த்திருக்கிறான். கட்டு வெள்ளையாக இருந்திருக்கிறது. அதை வெட்டித்தான் உனக்கு ஃபில்டரைத் திறந்து காட்டியிருக்கிறான். காரை வைத்திருந்தது உன் வீட்டில். அப்படியென்றால் யாரோ இதைக் கழற்றியிருக்கிறார்கள், உன்னைத் தவிர வேறு யார் என்று நினைத்திருக்கிறான். நீதான் ஏதோ செய்துவிட்டு, அத்தனை பேருக்கு முன்னால் பழியை அவன்மேல் போடுகிறாய் என்று நினைத்திருக்கிறான்.

"நான் அவனைத்தான் பொய்யன் எண்டு நினைச்சன், அங்கிள்" என்றான். "பதினொரு வருசமா. அப்பான்ர செத்தவீட்டுக்கு அவன் வராததும் அந்த வெக்கத்திலதான் எண்டு நினைச்சன்."

நான் போனது, நீ அவனைத் தவறாக நினைத்துவிட்டாய் என்று சொல்ல. அவனும் உன்னை அதே மாதிரித் தவறாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறான் என்பது எனக்கு அதுவரை தெரியாது. இரண்டு பேரும் உண்மை சொல்லிவிட்டு, இரண்டு பேரும் மற்றவனைப் பொய்யன் என்று முடிவுகட்டி, இவ்வளவு காலமும் ஒரே நகரத்தில் இருந்திருக்கிறீர்கள். ஜூட் எழுந்து போய் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். எத்தனை வருடமாக இது எனக்குத் தெரியும் என்று மட்டும் கேட்டான். போட்டியன்று பின்னேரத்திலிருந்தே என்றேன். அவன் தலையாட்டினான். கார்ட்டை நீட்டினேன். வாங்கவில்லை. "அவன் தரட்டும்" என்றான். கோபத்தில் சொன்னானா, ஆசையில் சொன்னானா என்று அவன் முகத்தை வைத்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. வாசல் வரை வந்து, பஸ் எத்தனை மணிக்கு என்று போனில் பார்த்துச் சொன்னான்.

கலியாணம் கட்டப்போகிற பிள்ளைக்கு அப்பா நாலு நல்ல வார்த்தை எழுதவேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். உனக்கும் துவாரகாவுக்கும் ஒரு வீடு வரப்போகிறது. அவளுடைய சாமான்களில் உனக்கு ஊத்தையாகத் தெரிவது ஏதாவது இருக்கும், சாமானில் மட்டுமல்ல, அவளுடைய பழக்கத்தில், அவள் வீட்டாரில். கை வைக்குமுன் இது என்னத்துக்கு என்று கேள். கேட்காமல் கழுவிவிட்டாய் என்றால், அன்றைக்கே போய்ச் சொல். எண்ணெய் திரும்பப் போடலாம், எஞ்சின்கூட வேறு வாங்கலாம். நீ சொல்லாமல் சும்மா இருந்த நாட்களை மட்டும் திரும்ப எடுக்கேலாது. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். தகுதி இல்லை. தெரியும், அவ்வளவுதான்.

மற்றது, அந்தப் பேச்சைச் சொல்லாதே. அந்த மேடையில் என்னைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் விட்டாலும் எனக்குக் கவலையில்லை. உன் பக்கத்தில் நான் நிற்பதா, நிற்கக்கூடாதா என்பதையும் நீயே யோசி. நீ என்ன முடிவு எடுத்தாலும் அம்மா வருவார், அவர் துடைக்கத்தான் சொன்னவர். நான் என்ன எதிர்பார்க்கிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. மன்னிப்பா? நீ உடனே மன்னித்துவிட்டால் இவ்வளவும் ஒரு சின்ன விசயமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மன்னிக்காவிட்டால் எப்படி இருப்பேன் என்று நினைக்கவும் பயமாக இருக்கிறது. ஒன்று மட்டும் எனக்குக் குழப்பமில்லாமல் தெரியும், அதை எழுதிவிட்டு நிறுத்துகிறேன். ஜூட் அந்தப் புதன்கிழமை எண்ணெய் போட்டான். அவன் பொய் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை.

கார்ட்டைத் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன், பெயர் எழுதவில்லை. அவனுடைய நம்பரை உறையின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், பழைய நம்பர்தான், மாற்றவில்லையாம். இதை வாசித்து முடித்ததும் எனக்குப் போன் எடுக்கவேண்டாம். என்னை நீ ஞாயிற்றுக்கிழமை வந்தும் ஏசலாம், நான் வீட்டில்தான் இருப்பேன். முதலில் அவனுக்கு எடு.

அப்பா